படுக்கையில் கரையும் கால்கள்: மருத்துவமனையில் முதியவர்களை நடமாட வைப்பது ஏன், எப்படி

ஒரு மூதாட்டியை எடுத்துக்கொள்வோம். வயது 82. நுரையீரலில் தொற்று ஏற்பட்டு, காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். அதற்கு இரண்டு வாரம் முன்புவரை தாமாகவே எழுந்து, தாமாகவே குளித்து, உலர்ந்த துணிகளை மடித்து வைத்து, மாலையில் வாசல்வரை போய்வந்துகொண்டிருந்தவர். மருந்துகள் நன்றாகவே வேலை செய்கின்றன. எட்டாம் நாள் காய்ச்சல் இல்லை, மூச்சு சீராகிவிட்டது, ஆக்சிஜன் குழாயையும் எடுத்துவிட்டார்கள், டிஸ்சார்ஜ் சீட்டு தயாராகிறது. கட்டிலை விட்டு இறங்கி நிற்கச் சொன்னால், முழங்கால்கள் இரண்டும் மடங்கிக்கொள்கின்றன. கழிவறைக்குப் போக இப்போது இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நோய் படுத்திவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். நோய் படுத்தியது பாதிதான். மீதியைப் படுத்தியது கட்டில்.

மருத்துவ உலகம் இதை மருத்துவமனைத் தங்கலால் ஏற்படும் செயலிழப்பு என்று அழைக்கிறது. குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறைக்குப் போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது போன்ற அன்றாடச் செயல்களுள் ஏதாவது ஒன்றையேனும், நோய் தொடங்குவதற்கு முன் செய்தது போலச் செய்ய முடியாமல் வீடு திரும்புவதே இதன் பொருள். உடல்நலக் குறைவால் சேர்க்கப்படும் 70 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது நேர்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எந்த நோய்க்காகச் சேர்ந்தாரோ அந்த நோய் முற்றிலும் குணமானவர்களும் இந்தக் கணக்கில் உண்டு என்பதுதான் கவனிக்க வேண்டியது.

படுத்திருப்பது என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று நாம் நினைக்கிறோம். உடலின் கணக்கு வேறு. நின்றுகொண்டிருக்கும் ஒவ்வொரு நொடியும் தொடை, பிட்டம், கெண்டைக்கால், முதுகு ஆகியவற்றின் தசைகள் புவியீர்ப்புக்கு எதிராக வேலை செய்கின்றன. இதயமும் இரத்தக் குழாய்களும் இரத்தத்தைக் கால்களில் தேங்கவிடாமல் தலைவரை மேலேற்றிக்கொண்டே இருக்கின்றன. படுத்தவுடன் இந்த வேலை நின்றுபோகிறது. பயன்படாத எதையும் பராமரிப்பது உடலின் வழக்கமல்ல என்பதால், அது உடனே சிக்கனம் பிடிக்கத் தொடங்குகிறது. முதலில் கரைவதும் நம்மை நிற்க வைக்கும் அந்தப் பெரிய தசைகள்தாம்.

எவ்வளவு வேகமாகக் கரைகின்றன என்பதற்கு 2007-இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல சான்று. சராசரியாக 67 வயதுடைய, எந்த நோயும் இல்லாத சிலரைப் பத்து நாட்கள் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். பத்து நாள் முடிவில் அவர்கள் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. முழங்காலை நீட்டும் வலிமையில் சுமார் 16 சதவீதம் போய்விட்டது. அவர்கள் நோயாளிகள் அல்லர், காய்ச்சல் இல்லை, வேளாவேளைக்குச் சாப்பிட்டார்கள். தொற்றும் அழற்சியும் பசியின்மையும் சேர்ந்துகொண்ட ஓர் உண்மையான நோயாளியின் நிலை இதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

இளைஞர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் 20 வயதுடைய ஐந்து ஆண்களை மூன்று வாரம் படுக்கையில் இருக்கச் செய்து, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறனை அளந்தார்கள். அதே ஐந்து பேரை முப்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்தபோது, முப்பது ஆண்டு மூப்பு குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது தெரியவந்தது. ஆனால் இளைஞர் எழுந்து நடந்து பயிற்சி செய்து இழந்ததை மீட்டுவிடுவார். முதியவருக்கு ஏன் அது கடினம் என்பதைப் புரிந்துகொண்டால், இந்தப் பொருளின் மையமே பிடிபட்டுவிடும்.

ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் பொருத்தியிருக்கும் மட்டத்துக்குக் கீழே நீர் இறங்கிவிட்டால், தொட்டியில் நீர் இருந்தும் குழாயில் வராது. இளைஞரின் தொட்டி விளிம்புவரை நிறைந்திருக்கிறது. நாற்காலியிலிருந்து எழ அவர் தம் கால் வலிமையில் ஒரு பகுதியை மட்டுமே செலவிடுகிறார். நாலில் ஒரு பங்கு குறைந்தாலும் அவருக்கு அது உறைப்பதில்லை. எண்பதைக் கடந்தவருக்கோ, அதே நாற்காலியிலிருந்து எழ இருக்கும் வலிமை முழுவதும் தேவைப்படலாம். நீர்மட்டம் குழாய்க்குச் சற்று மேலேதான் நிற்கிறது. சிறிது குறைந்தாலும் போதும், நேற்று எழுந்தவர் இன்று எழ முடியாதவராகிவிடுகிறார். பார்ப்பவருக்கு இது திடீரென்று நடந்ததாகத் தோன்றும். மட்டம் இறங்கிக்கொண்டிருந்ததை யாரும் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

தசையோடு இது நிற்பதில்லை. படுத்த முதல் நாளிலிருந்தே உடல் நீரை அதிகமாக வெளியேற்றுவதால் இரத்தத்தின் திரவப் பகுதி குறைகிறது. அதனால்தான் சில நாட்கள் படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டுகிறது. நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் சளி தேங்குகிறது. குடல் மந்தமாகி மலச்சிக்கல் வருகிறது. கெண்டைக்கால் தசை இயங்காததால் காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைகிறது. வால் எலும்பின் மேலும் குதிகாலிலும் தோல் நசுங்கிப் படுக்கைப் புண் தொடங்குகிறது.

மனத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் முதியவர்களுக்குத் திடீரென ஏற்படும் மனக்குழப்பத்தை டெலிரியம் என்கிறார்கள். பகலா இரவா என்று தெரியாமல், மகளை அடையாளம் தெரியாமல், டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கும் நிலை அது. சிலர் இதற்கு நேர்மாறாக, கூப்பிட்டாலும் சரியாக விழிக்காமல் சோர்ந்து கிடப்பார்கள். அமைதியாக இருக்கிறார் என்று நினைத்து இதைப் பலரும் கவனிக்கத் தவறுகிறார்கள். நாளெல்லாம் ஒரே கூரையைப் பார்த்துக்கொண்டு, பகலில் அரைத் தூக்கமும் இரவில் அரை விழிப்புமாகக் கிடப்பது இந்தக் குழப்பத்துக்கு வழி திறந்துவிடுகிறது. ஷாரன் இனோய் என்ற அமெரிக்க மருத்துவர் 1990-களில் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு திட்டத்தை வகுத்தார். நாளுக்குச் சில முறை நடக்க வைப்பது, கண்ணாடியும் காதுக் கருவியும் கையில் கிடைக்கச் செய்வது, இரவில் மாத்திரை இல்லாமல் உறங்க உதவுவது, போதிய நீர் குடிக்க வைப்பது, பேச்சுத் துணை தருவது ஆகிய எளிய செயல்களே அதில் இருந்தன. 1999-இல் வெளியான முடிவின்படி, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் ஏற்பட்டது, இந்தத் திட்டத்தில் இருந்தவர்களில் அது 9.9 சதவீதம்தான்.

இவை ஒன்றும் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. ரிச்சர்ட் ஆஷர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் படுக்கையின் ஆபத்துகளைப் பற்றி 1947-லேயே ஒரு மருத்துவ இதழில் எழுதிவிட்டார். ஆனாலும் வார்டுகள் பெரிதாக மாறிவிடவில்லை. 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நடக்கக் கூடிய முதிய நோயாளிகளின் காலில் சிறு கருவிகளைப் பொருத்திப் பார்த்தபோது, அவர்கள் அளக்கப்பட்ட நேரத்தில் 83 சதவீதத்தைப் படுத்தே கழித்தது தெரிந்தது. நின்றதும் நடந்ததும் சேர்த்து நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம்கூட இல்லை.

ஏன் இப்படி? யாரும் கெட்ட எண்ணத்தோடு முதியவர்களைப் படுக்க வைப்பதில்லை. வார்டின் அமைப்பே அப்படி. நோயாளிக்கென்று இருக்கும் ஒரே இருக்கை கட்டில்தான். சாப்பாடும் அங்கேயே வருகிறது, மருத்துவரும் அங்கேயே வந்து பார்க்கிறார், உறவினரும் அங்கேயே வந்து நிற்கிறார்கள். ஒரு நாற்காலி இருந்தால் அதில் பார்க்க வந்தவர் உட்கார்ந்திருப்பார். பின்புறம் திறந்த மருத்துவமனை அங்கியோடு வராந்தாவில் நடக்க யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். பிரிட்டனில் செவிலியர்கள், நோயாளிகளைப் பகலில் சொந்த உடைக்கு மாற வைப்பதற்காகவே ஓர் இயக்கம் நடத்தினார்கள். உடை மாறினால் நோயாளி என்ற எண்ணம் கொஞ்சம் விலகும் என்பது அவர்கள் கண்ட உண்மை.

அடுத்தது, கட்டிப்போடும் குழாய்கள். டிரிப்ஸ் ஒரு கையில், ஆக்சிஜன் மூக்கில், இதயத் துடிப்பைக் காட்டும் ஒயர்கள் மார்பில், சிறுநீர்க் குழாய் கீழே. இவற்றில் சிறுநீர்க் குழாயை நான் தனியே எடுத்துச் சொல்வேன். கழிவறைக்குப் போவதுதான் ஒரு முதியவர் நாள்தோறும் பலமுறை எழுந்து நடப்பதற்கான இயல்பான காரணம். வசதிக்காகக் குழாயைப் போட்டுவிட்டால் அந்தக் காரணமே இல்லாமல் போகிறது. தொற்றுக்கும் வழி பிறக்கிறது. மருத்துவக் காரணம் தீர்ந்த அன்றே அதை எடுக்க வேண்டும். ‘இது இன்னும் தேவையா?’ என்று தினமும் கேட்பதற்குக் குடும்பத்தினருக்கு முழு உரிமை உண்டு. டிரிப்ஸ் அப்படியல்ல, சக்கரம் வைத்த ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டே நடக்கலாம், மருந்து ஏறாத நேரத்தில் கழற்றிவைக்கவும் சொல்லிக் கேட்கலாம்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை, விழுந்துவிடுவாரே என்ற அச்சம். அச்சம் நியாயமானது, முதிய வயதில் இடுப்பெலும்பு முறிவு என்பது சாதாரண விஷயமல்ல. ஆனால் அந்த அச்சத்துக்காகப் படுக்கவைப்பது, கடனை அடைக்க மேலும் கடன் வாங்குவது போன்றது. இன்று எழவிடாததால் தசை குறைகிறது, தசை குறைந்ததால் நாளை எழும்போது விழும் வாய்ப்பு கூடுகிறது, கூடியதால் நாளையும் எழவிடுவதில்லை. நோயாளி எழுந்தால் ஒலிக்கும் கட்டில் அலாரங்களைப் பல வார்டுகளில் சோதித்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வில், விழுதல் குறையவில்லை. கட்டிலின் இருபுறக் கம்பிகளை ஏற்றிவைத்தால், குழப்பத்தில் இருப்பவர் அதன்மேல் ஏறித் தாண்ட முயன்று இன்னும் உயரத்திலிருந்து விழக்கூடும். விழாமல் காப்பது துணையோடு நடக்க வைப்பதுதான்.

அன்பும் ஒரு தடை என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ‘நீங்கள் படுங்கள், நான் எடுத்துத் தருகிறேன்’ என்று ஓடி ஓடிச் செய்யும் பிள்ளைகள், தம்மை அறியாமலேயே தாய் தந்தையரின் கால்களுக்கு வேலை இல்லாமல் செய்துவிடுகிறார்கள். தண்ணீர் டம்ளரைக் கை எட்டும் தூரத்திலிருந்து சற்றுத் தள்ளி வைப்பது அன்பில்லாத செயல் அல்ல.

இனி, எப்படி என்று பார்ப்போம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நோய் வருவதற்கு முன் அவர் எப்படி நடந்தார் என்பது. சேர்க்கும்போது கட்டிலில் துவண்டு கிடப்பவரைப் பார்க்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும், இவர் இரண்டு வாரம் முன்பு மாடிப்படி ஏறியவர் என்று தெரிய வாய்ப்பில்லை. குடும்பத்தினர் அதைத் தாமாகவே சொல்ல வேண்டும். கைத்தடி அல்லது வாக்கர் வைத்திருந்தாரா, எவ்வளவு தூரம் போவார், கழிவறைக்குத் தனியே போவாரா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு, இன்றைய நிலையை அளக்க வேண்டும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை உருவாக்கிய ஓர் எட்டுப் படி அளவுகோல் இதற்கு மிகவும் எளிது. கட்டிலில் படுத்தே இருப்பது முதல் படி. கட்டிலிலேயே புரள்வது, கை கால் அசைப்பது இரண்டாவது. கட்டிலின் ஓரத்தில் உட்காருவது மூன்றாவது. நாற்காலிக்கு மாறுவது நான்காவது. ஒரு நிமிடம் நிற்பது ஐந்தாவது. பத்துக் காலடி எடுத்து வைப்பது ஆறாவது. சுமார் ஏழரை மீட்டர் நடப்பது ஏழாவது. அதைப் போலப் பத்து மடங்கு, அதாவது 75 மீட்டர் அளவு நடப்பது எட்டாவது. நேற்று எந்தப் படியில் இருந்தார், இன்று எந்தப் படி என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தால், முன்னேற்றமும் சறுக்கலும் கண்ணுக்குத் தெரியும். உடற்பயிற்சி என்ற சொல்லைக் கேட்டு யாரும் மிரள வேண்டியதில்லை. மூன்றாம் படியில் இருப்பவருக்கு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவதே அன்றைய பயிற்சி.

எழுவது என்ற ஒரு செயலை மட்டும் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் நிகழ்கின்றன. எழுவதற்கு முன் கட்டிலைத் தாழ்த்தி, அதன் சக்கரங்களைப் பூட்ட வேண்டும். கண்ணாடி போட்டுவிட வேண்டும். வழுக்காத, பின்புறம் மூடிய செருப்பு வேண்டும். வெறும் காலுறையோடு நடக்க வைப்பது கூடாது. அவரை ஒருபுறமாகத் திரும்பிப் படுக்கச் சொல்லி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுந்து உட்காரச் சொல்ல வேண்டும். உட்கார்ந்தவுடன் நிறுத்திவிட்டு இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பை அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் பாதங்களை மேலும் கீழும் பத்து முறை அசைக்கச் சொன்னால், கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளும். தலை சுற்றுகிறதா என்று கேட்க வேண்டும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் இரத்த அழுத்தம் 20 அளவு இறங்கினால், அல்லது கீழ் அழுத்தம் 10 இறங்கினால், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் நீர்ச்சத்துக் குறைவோ ஏதாவது ஒரு மாத்திரையோ காரணமாக இருக்கும்.

தலை சுற்றவில்லை என்றால், இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிய, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் குதிகால் இருக்கும்படி இழுத்து வைத்துக்கொண்டு, மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும் அளவு முன்னால் குனிந்து எழச் சொல்ல வேண்டும். குனியாமல் நேராக எழ முயல்பவர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். துணைக்கு நிற்பவர் கையையோ அக்குளையோ பிடித்துத் தூக்கக் கூடாது. முதியவரின் தோள்மூட்டு அந்த இழுப்பைத் தாங்காது. பலவீனமான பக்கம் சற்றுப் பின்னால் நின்று, இடுப்பை அணைத்தாற்போல் பிடித்துக்கொள்வதே முறை. இதை ஒருமுறை பிசியோதெரபிஸ்ட் அல்லது செவிலியர் முன்னிலையில் செய்து பார்த்துப் பழகிக்கொள்வது நல்லது. நடக்கும்போது அவரோடு நீண்ட கதை பேசாதீர்கள். பலருக்குப் பேச்சும் நடையும் ஒரே நேரத்தில் ஓடாது.

நாளின் அமைப்பு இப்படி இருக்கலாம்: மூன்று வேளை உணவும் நாற்காலியில், கழிவறைக்கு, முடிந்தவரை, துணையோடு நடந்து, காலை, மதியம், மாலை என மூன்று சிறு நடைகள். ஒரே மூச்சில் நீண்ட நடையைவிட, பலமுறை சிறிது சிறிதாக எழுவது நோயுற்ற உடலுக்கு ஏற்றது. நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான்கு மணி நேரம் மறந்துவிடுவதும் தவறு. நாற்காலியும் படுக்கைப் புண் தரும்.

இன்னும் ஒழுங்கான பயிற்சி முதியவர்களால் முடியுமா என்ற ஐயத்துக்கு ஸ்பெயினின் பம்ப்லோனா நகரில் நடந்த ஆய்வு விடை தந்திருக்கிறது. 75 வயதுக்கு மேற்பட்ட 370 நோயாளிகளில் பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சையும், மறு பாதிக்கு அதோடு நாளுக்கு இரண்டு வேளை மேற்பார்வையில் தசைவலிமை, சமநிலை, நடைப் பயிற்சிகளும் ஐந்து முதல் ஏழு நாட்கள் தரப்பட்டன. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் அன்றாடச் செயல்திறன், நூறு மதிப்பெண் கொண்ட அளவுகோலில் ஐந்து குறைந்தது. பயிற்சி பெற்றவர்களுக்குக் குறையவில்லை, ஏறத்தாழ இரண்டு கூடியது. இந்த முடிவு 2019-இல் வெளியானது. ஒரு வாரத்துக்குள் இவ்வளவு என்பது எனக்கே முதலில் வியப்பாக இருந்தது.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. நடை மட்டும் போதாது, தசைக்குக் கட்டுமானப் பொருளும் வேண்டும். நோயுற்ற முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் நாள்தோறும் தேவை என்று வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். கடுமையான சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். கழற்றிவைத்த பல்செட்டு வீட்டிலேயே இருந்தால் எந்தக் கணக்கும் பயன்படாது. வலி மருந்து தரும் நேரத்தை ஒட்டி நடக்க வைத்தால் நடை எளிதாகும். தூக்க மாத்திரை போட்ட மறுநாள் காலை தள்ளாட்டம் கூடுதலாக இருக்கும்.

எல்லோரையும் எப்போதும் நடக்க வைக்கலாம் என்று இதற்குப் பொருளல்ல. நெஞ்சுவலி, கட்டுக்குள் வராத இரத்தப்போக்கு, இரத்த அழுத்தம் நிலையில்லாத நிலை, இன்னும் சரிசெய்யப்படாத எலும்பு முறிவு ஆகியவற்றில் மருத்துவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். பக்கவாதத்தில் இது இன்னும் நுட்பமானது. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் அடிக்கடியும் நீண்ட நேரமும் எழுப்பி நடமாட வைத்தவர்களின் நிலை, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களுடையதைவிடச் சற்று மோசமாக இருந்ததை 2015-இல் ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது. மறுபுறம், இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்தவரைப் பெரும்பாலும் மறுநாளே எழுப்பி நிற்க வைக்கிறார்கள். ஆகவே கேட்க வேண்டியது ‘எழலாமா?’ என்ற பொதுக் கேள்வி அல்ல; ‘எழக்கூடாது என்பதற்குக் காரணம் ஏதும் இருக்கிறதா? இல்லையென்றால் இன்று எந்தப் படிவரை போகலாம்?’ என்பதே. படுக்கை ஓய்வு என்று கேஸ் ஷீட்டில் ஒருமுறை எழுதப்பட்டது, காரணம் தீர்ந்த பின்னும் யாரும் அழிக்காததால் நாட்கணக்கில் நீடிப்பதுண்டு.

மறதி நோய் உள்ளவரிடம் ‘எழுந்து நடங்கள்’ என்றால் பெரும்பாலும் மறுப்பார். ‘அம்மா, சன்னலுக்கு வெளியே மழை வருகிறதா என்று பார்க்கலாம், வாருங்கள்’ என்றால் எழுவார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை, அதையும் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொல்வது, பழகிய ஒருவர் உடன் இருப்பது ஆகியவை போதும். அவர் கால்கள் நடையை மறந்திருக்காது.

வீடு திரும்பும் நாள் நெருங்கும்போது, வீட்டில் கட்டிலிலிருந்து கழிவறைவரை எத்தனை எட்டு, வாசலில் எத்தனை படி, கழிவறை இருக்கை எவ்வளவு உயரம் என்று ஒருவர் அளந்து வர வேண்டும். அந்த அளவை பிசியோதெரபிஸ்டிடம் கொடுத்து, வார்டின் வராந்தாவில் அதே தூரத்தையும், மாடிப்படியில் அதே எண்ணிக்கைப் படிகளையும், அதே உயரமுள்ள இருக்கையிலிருந்து எழுவதையும், டிஸ்சார்ஜுக்கு முன்பே அவரைச் செய்து பார்க்க வைக்க வேண்டும். முடியவில்லை என்றால், வீட்டில் யார் துணைக்கு இருப்பார்கள், கழிவறைச் சுவரில் கைப்பிடி எங்கே பொருத்துவது, எத்தனை நாளுக்குப் பயிற்சி தொடர வேண்டும் என்பதையெல்லாம் அப்போதே, அந்த வராந்தாவிலேயே பேசி முடித்துவிடலாம்.